இடப்பக்கம் பார்ப்பவள்

அந்த வெள்ளிக்கிழமை காலை எங்கள் லேன் வாசலில் கார் நின்றது. போக வழியிருந்தும் நின்றது. அதுதான் கதை.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடல் இல்லாத பக்கத்து லேன் ஒன்றில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போவதென்றால், லேன் முடிகிற இடத்தில் காலி வீதியைக் குறுக்கே வெட்டி, வலப்பக்கம் திரும்பி, கொள்ளுப்பிட்டிப் பக்கம் போகிற வரிசையில் ஏற வேண்டும். வலத்தால் வருபவனையும் பார்க்க வேண்டும், இடத்தால் வருபவனையும் பார்க்க வேண்டும். இடது மூலையில் சாரிக்கடை. அதன் முன்னால் எந்த நேரமும் ஒரு வான் நிற்கும். வலது மூலையில் வடைக்கடை. கண்ணாடியை ஏற்றி விட்டாலும் எண்ணெய் வாசம் உள்ளே வந்துவிடும்.

காரை ஓட்டுவது என் கணவர். அவருக்குப் பக்கத்தில், இடது சீட்டில் நான். மடியில் அக்காவுக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி, சுடச்சுட.

எனக்கு அன்று அவரோடு கோபம். முதல் நாள் பின்னேரம் மகள் சுபா கோல் எடுத்திருந்தாள். பேத்தி மீனுவைப் பாடசாலையிலிருந்து கூட்டி வருகிற வான்காரர் வேலையை விட்டுவிட்டாராம். திங்கட்கிழமையிலிருந்து அப்பாவால் காரில் கூட்டி வர முடியுமா என்று கேட்டாள். இவர் என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. "ஓம் பிள்ளை, அதென்ன பெரிய வேலை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்த நேரம் நான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். என்னால் கூடப் போக முடியாது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே? அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. நான் திறக்காததால் அவரும் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் கோபம் என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

வாசலில் கார் நின்றது. இவர் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு நேரே பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரு பஸ் போனது. ஒரு லொறி போனது. பிறகு இரண்டு பக்கமும் வெறும் வீதி. அந்த நேரத்தில் அப்படி ஒரு இடைவெளி கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம். இவர் அசையவில்லை.

பின்னால் த்ரீவீல் ஒன்று ஹோர்ன் அடித்தது. அதன் பின்னால் இன்னொன்று. முதல் த்ரீவீல்காரர் தலையை வெளியே நீட்டி, "யன்ன மஹத்தயா, யன்ன" என்றார். போங்கள் ஐயா என்று எவ்வளவு பொறுமையாகச் சொல்லலாமோ அவ்வளவு பொறுமையாகத்தான் சொன்னார். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டு, "போங்கோ" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, கார் பாய்ந்துவிட்டது. இவர் வலத்தையும் பார்க்கவில்லை, இடத்தையும் பார்க்கவில்லை. மடியில் பால்கறி தளும்பியது.

இடம் என்னுடையது

கொழும்பில் கார் வைத்திருக்கும் எங்கள் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே இடது சீட்டில் இருக்கும் மனைவி சும்மா போகிற ஆள் அல்ல. அவளுக்கு வேலை இருக்கிறது. சந்தியில் ஓட்டுபவர் வலத்தைப் பார்ப்பார். இடத்தைப் பார்க்கப் போனால் மனைவியின் தலை மறைக்கும். அதனால் இடப்பக்கம் மனைவியின் பொறுப்பு.

கலியாணமாகி முதல் கார் வாங்கிய நாளிலிருந்து எங்களுக்குள் இதுதான் ஏற்பாடு. இவர் "இடப்பக்கம்?" என்று கேட்பார். நான் "பொறுங்கோ" என்பேன். "பஸ் ஒண்டு" என்பேன். "இவன் போகட்டும்" என்பேன். கடைசியில் "போங்கோ" என்பேன். தேவைப்பட்டால் கையைக் கண்ணாடிக்கு வெளியே நீட்டி, வருகிறவனை நிறுத்துவேன். மோதிரம் போட்ட பெண் கையைக் கண்டால் பஸ்காரன்கூடக் கொஞ்சம் யோசிப்பான். கொஞ்சம்தான்.

முப்பது வருசத்துக்கு மேல் இப்படித்தான் ஓடினோம். சண்டை பிடித்த நாட்களிலும் சந்திக்குச் சந்தி இந்த நாலு வார்த்தையும் பேசியிருக்கிறோம். அந்த வெள்ளிக்கிழமைதான் முதல் தடவையாக நான் அதையும் நிறுத்தினேன்.

கை காட்டுகிறவன்

முன்னொரு காலம் நான் வங்கியில் வேலைக்குச் சேர்ந்த கதையைப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு பெண்பிள்ளை வெள்ளவத்தைச் சந்தையில், மரக்கறிக்காரரிடம் நின்ற என்னைப் பிடித்துக்கொண்டாள். "அன்ரி, நீங்கள் எல்லாரையும் சந்தேகப்படுறீங்கள். இப்பிடி இருந்தா எப்பிடி நித்திரை வரும்?" என்றாள்.

நல்லாய் வரும். சந்தேகப்படாத ஆட்களுக்குத்தான் பிறகு நித்திரை வராது.

எத்தனையோ வருசம் கவுண்டருக்குப் பின்னால் இருந்து கையெழுத்துப் பார்த்தவள் நான். சந்தேகப்படுவதற்கென்றே எனக்குச் சம்பளம் தந்தார்கள். வீதியிலும் அதே கண்தான். முன்னால் போகும் த்ரீவீல்காரர் காலை வெளியே நீட்டினால் திரும்பப் போகிறாரா, கால் உளைகிறதா என்று சந்தேகம். சிக்னல் போட்டு வருகிறவன் மேலும் சந்தேகம், அது கொம்பனித்தெருவில் போட்ட சிக்னலாக இருக்கும், மறந்து போய் இவ்வளவு தூரம் எரிய விட்டுக்கொண்டு வருகிறான் என்று. கலர் லைட் பச்சையாக மாறினால் உடனே "போங்கோ" என்கிறவள் நான் அல்ல. சிவப்பில் பாய்கிறவன் எவனாவது இருப்பான்.

எல்லாரிலும் பெரிய சந்தேகம் மரியாதைக்காரர் மேல்தான். சந்தியில் தன் வாகனத்தை நிறுத்தி, சிரித்து, "நீங்கள் போங்கோ" என்று கை காட்டுவாரே, அவர்.

சுபா சின்னப் பிள்ளையாக இருந்த காலம். இதே காலி வீதியில், வேறொரு லேன் வாசலில் நாங்கள் நின்றோம். ஜீப்பில் வந்த ஒரு கனவான் நிறுத்திக் கை காட்டினார். வெள்ளைச் சேட், தங்கக் கண்ணாடி, பார்த்தால் பள்ளிக்கூட அதிபர் மாதிரி. இவர் தலையாட்டி நன்றி சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். அந்த ஜீப்பின் மறைவில், அதற்கு இடப்பக்கத்தால், மோட்டார் சைக்கிள் ஒன்று வந்துகொண்டிருந்தது. ஜீப் நின்றது அவனுக்காக அல்ல. அவனுக்கு எங்களைத் தெரியாது, எங்களுக்கு அவனைத் தெரியாது.

எங்கள் காரின் முன் மட்கார்டில் மோதி, பொனெட்டுக்கு மேலால் அந்தப் பொடியன் போய் விழுந்தான். உயிருக்கு ஒன்றும் இல்லை, முழங்கால்தான். அவன் தாய் ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. சனம் கூடி எங்களைத்தான் ஏசியது. பெரிய வாகனம் எங்களுடையதாம். ஜீப்காரர் அந்த நேரத்துக்குள் மாயமாகிவிட்டார். அவர் தன் மரியாதையைக் கொடுத்தார், போனார். மிச்சத்தை நாங்கள் கட்டிச் சுமந்தோம்.

அன்றைக்குப் பிறகு எவன் கை காட்டினாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இவனுக்குப் பின்னால் ஆர் வருகிறான்?

முன் சில்லு

இந்தக் குணம் கொட்டாஞ்சேனையில் வந்தது. நான் பிறந்து வளர்ந்த இடம் அது. துறைமுகத்துக்குப் போகிற லொறியெல்லாம் எங்கள் வீட்டு வாசலால்தான் போகும். வீதி அகலம் அவ்வளவுதான், லொறி அகலமும் அவ்வளவுதான். நடுவில் கோயிலுக்குப் போகிறவர்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்கள், கடைக்காரரின் கைவண்டி. லொறி திரும்பும்போது சுவரில் முதுகை ஒட்டி, மூச்சை இழுத்துக்கொண்டு நிற்போம். சூடான டீசல் காற்று பாவாடையைத் தூக்கும்.

அம்மா எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்துச் சந்தி கடக்க வைப்பா. "முகத்தைப் பார்க்காதை" என்பா. "அவன் உன்னைப் பார்த்துச் சிரிப்பான். சிரிச்சுக்கொண்டே வருவான். முன் சில்லைப் பார். சில்லு எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம்தான் லொறி வரும்."

இன்றைக்கும் நான் வாகனங்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. முன் சில்லைப் பார்க்கிறேன். ஓட்டுபவருக்கே தான் திரும்பப் போவது தெரியாத நேரத்தில் சில்லு காட்டிக் கொடுத்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனை வரைக்கும் நான் வீதியைப் பாதியும், இவரை மீதியுமாகப் பார்த்துக்கொண்டு போனேன். கோபத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, சந்திக்குச் சந்தி நாலு வார்த்தையையும் சொன்னேன். சொல்லும்போது இவர் கண்ணைப் பார்த்தேன்.

நேரே மட்டும்தான் பார்த்தார்.

கொள்ளுப்பிட்டியில் இடப்பக்கத்தால் ஒரு பஸ் எங்களை உரசுகிற மாதிரி வந்து முன்னால் ஏறியது. வழக்கமாக இவர் அந்த இடத்தில் மூன்று பரம்பரையை இழுத்து ஏசுவார். அன்று பஸ் முழுசாக முன்னால் வந்த பிறகுதான் திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தார். ஏசவும் இல்லை.

கொட்டாஞ்சேனைச் சந்தியில் கன்டெய்னர் லொறி ஒன்று இடப்பக்கம் வந்து திரும்பக் காத்து நின்றது. ஒரு வீட்டளவு. அதன் முன் சில்லு எங்கள் பக்கம்தான் திரும்பியிருந்தது. நான் வேண்டுமென்றே ஒன்றும் சொல்லவில்லை. காரும் நின்ற இடத்தில்தான் நின்றது, அதனால் பயமில்லை.

"கிளியரா?" என்று கேட்டார்.

அவ்வளவு பெரிய லொறி. இஞ்சின் சத்தத்தில் எங்கள் கண்ணாடி அதிருகிறது. கிளியரா என்று கேட்கிறார்.

"கன்டெய்னர் ஒண்டு" என்றேன்.

"ஓம் ஓம், கண்டனான்" என்றார்.

பொய்க் கையெழுத்துப் போடுகிறவன் கடைசிச் சுழியை எப்போதும் கொஞ்சம் வேகமாகப் போடுவான். இவர் "கண்டனான்" என்று சொன்ன வேகம் அந்த வேகம்.

மரைன் டிரைவில்

அக்காவின் குசினியில் கத்தரிக்காய்க் கறியைச் சட்டிக்கு மாற்றிக்கொண்டே சங்கதியைச் சொன்னேன். அக்கா சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. "உன்ர மனுசனுக்குக் கண் தெரியேல்லை. அதைக் கேக்க உனக்குப் பயம். அவ்வளவுதான்" என்றா.

"பேப்பர் வாசிக்கிறார் அக்கா. மரண அறிவித்தல்ல இருக்கிற சின்ன எழுத்தையும் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறார்."

"அப்ப நீயே சோதிச்சுப் பார்."

பயம் என்பது உண்மை. இவர் நில அளவையாளராக இருந்து இளைப்பாறியவர். கண்ணால் பிழைத்தவர். காணிச் சண்டைகளில் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டு நிற்க, கருவியில் ஒரு கண்ணை வைத்து, எல்லைக்கல் இங்கேதான் என்று சொல்லிவிட்டு வருகிற மனிதர். அவரிடம் போய் உங்களுக்குக் கண் தெரியவில்லையா என்று எப்படிக் கேட்பது? கேட்டு, ஓம் என்று சொல்லிவிட்டால்?

சனிக்கிழமை பின்னேரம் மரைன் டிரைவுக்கு நடக்கப் போனோம். கடற்காற்று, ரயில் பாதை, சுண்டல் வண்டியின் வாசம். நான் வழக்கம்போல் இவருக்கு இடப்பக்கம் நடந்தேன். இவர் யாரோ ஒரு பழைய அதிகாரியின் முட்டாள்தனத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். கோபம் எங்களுக்குள் ஆறிவிட்டது என்று நினைத்திருப்பார்.

நான் வலது கையை மெல்லத் தூக்கி, இவர் காதுக்குப் பக்கத்தில் பிடித்து ஆட்டினேன். கதை நிற்கவில்லை. கையைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுபோனேன். கன்னத்துக்கு நேரே. கதை நிற்கவில்லை. இன்னும் முன்னுக்கு. எதிரே வந்த ஒரு குடும்பம் என்னைப் பார்த்துச் சிரித்தது. சுண்டல்காரர் கரண்டியைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றார். நான் புருசனின் காதடியில் பறக்கிற நுளம்பைக் கலைக்கிறேன் என்று நினைத்தாரோ, பேய் பிடித்தது என்று நினைத்தாரோ.

கை கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் இவர் தலையைத் திருப்பினார்.

"என்ன?"

"நுளம்பு" என்றேன்.

மறுபடி நடந்தோம். இரண்டு நாளில் திங்கட்கிழமை. இவர் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போவார். இடது சீட்டில் நான் இருக்க மாட்டேன். திரும்பி வரும்போது பின்னால் மீனு இருப்பாள், ஏழு வயது, சீட்டில் முழங்காலைப் போட்டுக்கொண்டு பின் கண்ணாடியால் உலகத்துக்குக் கை காட்டிக்கொண்டு. சந்தியில் இவர் "இடப்பக்கம்?" என்று ஆரைக் கேட்பார்?

மகளுக்கு ஒரு கோல் எடுத்தால் முடிந்தது, தெரியும். ஆனால் அது இவரைப் பின்னால் நின்று குத்துகிற வேலை. நான் சந்தேகக்காரிதான், கோள்காரி அல்ல.

பின் சீட்

ஞாயிற்றுக்கிழமை காலை காலி வீதி வெறிச்சென்று கிடக்கும். கடைகளின் கதவுகள் சாத்தி, வடைக்கடை அடுப்பு இன்னும் மூட்டாமல், ஒரு நாய் வீதிக்கு நடுவில் சோம்பல் முறித்துக்கொண்டு நிற்கும்.

"பேக்கரியில பாண் வாங்கப் போவமா?" என்று கேட்டேன்.

இவர் ஆணியில் தொங்கிய கார்த் திறப்பை எடுத்தார். நான் போய்ப் பின் சீட்டில் ஏறினேன்.

"இஞ்சாரும், ஏன் பின்னால?"

"நாளையிலிருந்து முன்னால நான் இல்லைத்தானே. பழகுங்கோ."

கார் லேன் நீளத்துக்கும் மெல்ல ஊர்ந்து வாசலில் நின்றது. சாரிக்கடைக்கு முன்னால் அந்த வான், ஞாயிற்றுக்கிழமையும் விடாமல்.

வலத்தைப் பார்த்தார். இடத்தைப் பார்த்தார். திரும்ப வலம். திரும்ப இடம். பின்னால் இருந்து அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பக்கமும் முழுசாகத் திரும்பி, அதற்குள் மற்றப் பக்கம் மறந்து, மறுபடி திரும்பி. சேட் கொலருக்கு மேல் வியர்த்திருந்தது. அந்த நேரம் எனக்கு வாயைத் திறந்து "போங்கோ" என்று சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. அவ்வளவு பாவமாக இருந்தது.

கார் அசைந்தது. வானின் மறைவிலிருந்து சைக்கிள் ஒன்று வந்தது. பிழையான பக்கத்தால், எங்கள் ஓரத்தோடு ஒட்டி, பேப்பர் கட்டோடு ஒரு வயதானவர். கொழும்பில் இப்படி ஒரு சைக்கிள் வரும் என்று சந்தேகப்படாத நாள் எனக்கு இல்லை.

"நில்லுங்கோ!"

இவர் கால் என் குரலுக்குப் பழகிய கால். அந்த இடத்திலேயே மிதித்தார். பம்பருக்கும் சைக்கிளுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். வயதானவர் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை, மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

இவர் இஞ்சினை நிறுத்தினார்.

"எங்கயால வந்தவர்?" என்று கேட்டார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"இடப்பக்கத்தால."

பிறகு நான் கேட்டேன். "எவ்வளவு காலம்?"

"சித்திரை வருசப் பிறப்புக்கு முந்தியே" என்றார், திரும்பாமல். "கண்ணுக்குள்ள பிரஷர் எண்டு டொக்டர் சொன்னவர். உமக்குத் தெரியாமல் மருந்து விடுறன். நேரே பார்த்தா எறும்பும் தெரியும். ஓரம்தான் போயிட்டுது. ஒரு குழாய்க்குள்ளால பார்க்கிற மாதிரி. வலத்தைப் பார்த்தா இடம் இல்லை, இடத்தைப் பார்த்தா வலம் இல்லை."

"டொக்டர் கார் ஓட வேண்டாம் எண்டு சொல்லேல்லையோ?"

"சொன்னவர்."

"பிறகு?"

"உம்மட கண்ணாலதான் ஓடினனான்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில் வந்ததா பயத்தில் வந்ததா என்று பார்க்க நேரமில்லை. "நான் பிழையாச் சொல்லியிருந்தா? வேறெங்கயோ யோசிச்சுக்கொண்டு போங்கோ எண்டு சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் இண்டைக்கு எங்க?"

"நீர் பிழையாச் சொல்ல மாட்டீர்." இப்போதுதான் திரும்பினார். முழுக் கழுத்தையும் திருப்பி, என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். "வெறும் றோட்டைக் கண்டாலும் எங்கேயோ ஒருத்தன் ஒளிச்சு நிக்கிறான் எண்டு நினைக்கிற ஆள் நீர். நீர் போங்கோ எண்டு சொன்னா, அது அரசாங்க முத்திரை குத்தின மாதிரி."

சிரிப்பும் வந்தது, அடிக்கவும் கை எழும்பியது. என் சந்தேகத்தை உலகத்தில் எல்லாரும் பழித்திருக்கிறார்கள், அக்கா உட்பட. அதை நம்பி உயிரை வைத்து ஓடிய ஆள் இவர் ஒருவர்தான்.

"மீனுவைக் கூட்டி வர ஓம் எண்டு ஏன் சொன்னீங்கள்?"

"சுபா கேட்டாள். இல்லை எண்டா ஏன் எண்டு கேப்பாள்." மூக்கை உறிஞ்சினார். "திங்கக்கிழமை காச்சல் எண்டு சொல்லலாம் எண்டு நினைச்சன்."

"செவ்வாய்க்கிழமை?"

வடைக்கடைக்காரர் கதவுப் பலகையைக் கழற்றிக்கொண்டே எங்களைப் பார்த்தார். லேன் வாசலை அடைத்துக்கொண்டு, இஞ்சின் நிறுத்திய காருக்குள், முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக இருந்து அழுகிற கிழடுகளை அவர் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார்.

இவர் இறங்கினார். பின் கதவைத் திறந்து, கார்த் திறப்பை நீட்டினார்.

"நீர் எடும்."

"சுபாவுக்கு நீங்கள்தான் சொல்லுறீங்கள்" என்றேன்.

வீட்டுக்கு வந்து, பாண் இல்லாமலே, கோல் எடுத்தார். "பிள்ளை, எனக்கு ஓரம் தெரியேல்லை" என்று தொடங்கினார். பிறகு சுபா இரண்டு பேருக்கும் சேர்த்துக் கிழித்தாள். இவ்வளவு நாளும் அம்மா என்ன பார்த்துக்கொண்டிருந்தா என்று கேட்டாள். இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

லேன் வாசல்

எனக்கு லைசன்ஸ் இருக்கிறது. வங்கிக் காலத்தில் எடுத்தது. அப்போது கொஞ்சம் ஓட்டினேன். நான் ஓட்டினால் லேன் வாசலிலேயே பொழுது போய்விடும் என்று சொல்லி இவர் திறப்பை வாங்கியவர்தான், பிறகு தரவில்லை. சந்தேகப்படுகிறவள் சந்தியில் ஏறுவது கொஞ்சம் சுணங்கும்தான்.

முதல் கொஞ்ச நாள் மீனுவை த்ரீவீலில் போய்க் கூட்டி வந்தேன். கணக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கொஞ்சம் பிந்தி வரச் சொன்னேன். ஞாயிறுகளில் வெறும் வீதியில் காரைப் பழகினேன். பின்னால் ஹோர்ன் அடிக்கிறவர்களுக்குக் காது கொடுக்காமல் இருக்கப் பழகியதுதான் பெரிய பாடம். அவர்களுக்கு அவசரம் இருக்கலாம், எனக்கு இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்குப் புறப்பட்டோம். வலது சீட்டில் நான். இடது சீட்டில் இவர், மடியில் கத்தரிக்காய்ப் பால்கறி, சூடு பட்டு அடிக்கடி காலை மாற்றிக்கொண்டு. சாரிக்கடைக்கு முன்னால் வான். வடைக்கடை எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு த்ரீவீல் வந்து நின்றது.

வலத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கத்திலிருந்து வந்த கார் ஒன்று மெல்ல நின்றது. ஓட்டி வந்தவர் சிரித்து, போங்கள் என்று கை காட்டினார். நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

யோசிக்காமல் வாய் கேட்டுவிட்டது. "இடப்பக்கம்?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன். இவரைப் போய்க் கேட்கிறேனே என்று இருந்தது.

இவர் கறிச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழு உடம்பையும் இடப்பக்கம் திருப்பினார். வானைப் பார்த்தார். வானுக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். பின்னால் ஹோர்ன் அடிக்கத் தொடங்கியது. கை காட்டியவர் இன்னும் காட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியேல்லை" என்றார். "நீரே பாரும்."

அந்த வாசலில் இத்தனை வருசத்தில் ஆர் எதைச் சொன்னாலும் சந்தேகப்பட்டிருக்கிறேன். இதில் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை. இவர் தலையைச் சீட்டோடு பின்னுக்குச் சாய்த்து எனக்கு வழி விட்டார். நான் எட்டிப் பார்த்தேன்.

மோட்டார் சைக்கிள் ஒன்று வந்துகொண்டிருந்தது. போக விட்டேன்.